பேரேட்டில் ஒரு வரி

நுழையும்முன்

மன்னர்களின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் நிலைத்திருக்கிறது. உழைத்து வாழ்ந்த எளியோரின் வரலாறு எங்கே இருக்கிறது? சம்பளப் பட்டியலிலும் கப்பலேறியோர் கணக்கிலும் தேவாலயப் பதிவேட்டிலும் அது ஒற்றை வரியாக ஒளிந்திருக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்த இங்கிலாந்து ஏழைகளின் சுவடுகளை ஆவணங்களின்வழித் தேடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுதப்பட்டவர் யார்?

தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளுள் ஒன்று தனிச்சிறப்புடையது. முதலாம் இராசராசன் அக்கோவிலில் பணியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள் அதில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தவர் என்பன வரை அக்கல்வெட்டு கூறுகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் அளிக்கப்பட்டது. நெல்லை அளந்து கொடுக்க வேண்டியிருந்ததால் பெறுவோரின் பெயரை எழுத வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பெண்களின் பெயர்கள் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அந்தக் கணக்கே காரணம்.

இதிலிருந்து ஒரு பொதுவிதி புலப்படும். உழைப்பாளரை அரசும் நிறுவனங்களும் அவர்தம் பெருமைக்காகப் பதிவதில்லை. கூலி கொடுக்க, வரி தண்ட, இடம் பெயர்க்க, தண்டிக்க, புதைக்க என ஏதேனும் ஒரு தேவைக்காகவே பதிகின்றன. ஆகவே ஏழை ஒருவரின் முன்னோரைத் தேடுபவர், அந்த முன்னோரிடம் அன்றைய அரசுக்கு என்ன தேவை இருந்தது என்ற வினாவிலிருந்து தொடங்க வேண்டும். இவ்விதி தஞ்சைக்கு மட்டுமன்றி இங்கிலாந்துக்கும் பொருந்தும்.

பூந்தமல்லிக்கு வந்த ஏழைகள்

சென்னைக் கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பூந்தமல்லி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு ஆங்கிலேயப் படையின் தங்குமுகாம் அமைந்திருந்தது. சென்னைக் கடற்கரையில் வந்திறங்கிய புதிய படைவீரர்கள் தத்தம் படைப்பிரிவுகளைச் சென்றடையும் முன் இங்குத் தங்கினர். நோயுற்றோரும், பணி முடிந்து தாயகம் திரும்பக் காத்திருந்தோரும் இம்முகாமில் தங்கவைக்கப்பட்டனர்.

ஆங்கிலேயர் என்றவுடன் ஆளுநர்களும் ஆட்சியர்களும் பெருவணிகர்களுமே நினைவுக்கு வருகின்றனர். ஆனால் பூந்தமல்லி முகாமில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற பண்ணைக் கூலிகள், நெசவாளர்கள், செருப்புத் தைப்போர், சுரங்கத் தொழிலாளர்கள் ஆகியோரே. இங்கிலாந்தின் இலங்காஷயர் பகுதியில் விசைத்தறிகள் பெருகியபோது கைத்தறி நெசவாளர்கள் வேலை இழந்தனர். வேலை இழந்தோருக்குப் படைச் சேவை ஒரு பிழைப்பாயிற்று. அதே விசைத்தறித் துணி கடல்கடந்து வந்து தமிழகத்துத் தறிகளையும் நலிவித்தது. ஒரே இயந்திரத்தால் வாழ்விழந்த இருநாட்டு எளியோரும் ஆள்பவரின் படைவீரராகவும் ஆளப்படும் குடியாகவும் இம்மண்ணில் எதிரெதிரே நின்றனர் என்பது வரலாற்றின் முரண்.

பிறந்த ஊரில் தொடங்கும் சுவடு

இங்கிலாந்தில் எளியோரின் பெயர்கள் முதன்முதலில் முறையாக எழுதப்பட்டது தேவாலயப் பதிவேடுகளில்தான். ஒவ்வொரு பங்கிலும் நடைபெறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று 1538ஆம் ஆண்டு ஆணையிடப்பட்டது. 1837ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கில் 1841 முதல் வீடுதோறும் வாழ்ந்தோரின் பெயர், அகவை, தொழில் ஆகியவை குறிக்கப்பட்டு, அவ்வேடுகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

ஆயினும் படையில் சேர்ந்து கப்பலேறிய இளைஞர் அடுத்த கணக்கெடுப்பின்போது தம் வீட்டில் இருப்பதில்லை. ஊரின் ஏட்டிலிருந்து அவர் மறைகிறார். அந்த இடத்தில் படையின் ஏடு அவரைக் கைக்கொள்கிறது. படையில் சேர்வோர் உறுதிமொழி அளிக்கும்போது பெயர், அகவை, பிறந்த பங்கு, முன்பு செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், தலைமுடியின் நிறம், உடற்குறிகள் ஆகியவை எழுதப்பட்டன. தப்பியோடினால் அடையாளங்கண்டு பிடிக்க வேண்டும் என்பதும் இவ்வளவு நுணுக்கமான வருணனைக்கு ஒரு காரணம். பிடிப்பதற்காக எழுதிய குறிப்பே இன்று தம் ஓட்டனின் முகத்தைக் கற்பனை செய்ய விரும்புவோருக்குக் கிடைக்கும் ஒரே உருவப்படமாக அமைகிறது.

கும்பினிப் படையா, அரசப் படையா?

இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயப் படைவீரர் இருவகையினர். கிழக்கிந்தியக் கும்பினி தன் செலவில் திரட்டிய ஐரோப்பியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தோர் ஒருவகை. இங்கிலாந்து அரசின் படைப்பிரிவுகளிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் மற்றொருவகை. முன்னோர் எவ்வகையினர் என அறியாமல் தேடினால் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பயனில்லை. ஏனெனில் இருவகையினரின் ஆவணங்களும் வெவ்வேறு இடங்களில் உள்ளன.

கும்பினிப் படையினரின் வருகைப் பட்டியல்களும் கப்பலேறியோர் பட்டியல்களும் இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணத் தொகுதியில் இருக்கின்றன. அரசப் படையினரின் ஆவணங்கள் இலண்டனில் கியூ என்னுமிடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1858இல் இந்திய ஆட்சி கும்பினியிடமிருந்து பேரரசியின் கைக்கு மாறியபின், கும்பினியின் ஐரோப்பியப் படைப்பிரிவுகள் அரசப் படையோடு இணைக்கப்பட்டன. ஆகவே அக்காலத்தில் பணியில் இருந்தவரின் சுவட்டை இரண்டு இடங்களிலும் தேட வேண்டியிருக்கும்.

இங்கு மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. கியூவில் உள்ள படைவிலகல் ஆவணங்களில், 1883க்கு முற்பட்டவை பெரும்பாலும் ஓய்வூதியம் பெற்றோருக்கு உரியவை. பூந்தமல்லியில் வாந்திபேதி கண்டு இறந்த இளைஞருக்கு ஓய்வூதியம் இல்லை. ஆகவே அத்தொகுதியில் அவர் பெயரும் இல்லை. ஒரு தொகுதியில் பெயர் காணப்படாமை, அப்படி ஒருவர் வாழவேயில்லை என்பதற்குச் சான்றாகாது. அவரைத் தேட வேண்டிய இடம் படைப்பிரிவின் சம்பளப் பட்டியலும் இறந்தோர் பட்டியலுமே.

தேவாலயப் பதிவேடும் கல்லறையும்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியன்னை தேவாலயம் 1680ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்குதான் நடைபெற்றது. அப்புகழ்பெற்ற பெயரைத் தாங்கிய பதிவேட்டு மரபே பெயரறியாத படைவீரர்களின் திருமணங்களையும் அவர்தம் குழந்தைகளின் திருமுழுக்கையும் அடக்கங்களையும் தாங்கி நிற்கிறது. சென்னை மாகாணத் தேவாலயங்களில் பதியப்பட்டவற்றின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதல் 1948 வரையிலான அப்படிகள் பிரித்தானிய நூலகத்தில் தனித்தொகுதியாகப் பாதுகாக்கப்படுகின்றன. மூலஏடு செல்லரித்துப் போயினும் படி பிழைத்திருக்கக்கூடும். படியெடுத்தவர் செய்த பிழையை மூலஏடு திருத்தக்கூடும்.

சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைச் சூலியன் சேம்சு காட்டன் என்பவர் திரட்டி 1905இல் நூலாக வெளியிட்டார். முன்னோரைத் தேடுவோர்க்கு இது பெருந்துணை. எனினும் கல் நாட்டுவதற்குப் பொருள் வேண்டும். அலுவலர்களுக்கும் வணிகர்களுக்கும் கல்லறை எழுந்தது. எளிய படைவீரர் பலர் அடையாளமின்றி மண்ணில் மறைந்தனர். அவர்களுக்குக் கல்லறை வாசகமாக எஞ்சியிருப்பது அடக்கப் பதிவேட்டின் ஒரு வரிதான்: நாள், பெயர், அகவை, படைப்பிரிவு, அடக்கம் செய்த குருவின் கையொப்பம்.

பெயர் எழுதப்படாத தாய்

இவ்வேடுகளில் ஒரு பெரும் வெற்றிடம் உண்டு. இங்கிலாந்துப் பெண்கள் மிகச் சிலரே இங்கு வந்தமையால் படைவீரர் பலர் இம்மண்ணின் பெண்களோடு வாழ்ந்தனர். 1687இல் கும்பினியின் இயக்குநர் அவை சென்னை நிருவாகத்துக்கு எழுதிய மடலில் இத்தகைய திருமணங்களை ஊக்குவித்தது. பிறக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்படும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் வழங்கலாம் என்றும் கூறியது. தன் படைக்கு வருங்காலத்தில் ஆள் வேண்டும் என்பதே கும்பினியின் நோக்கம்.

ஆனால் அக்குழந்தைகளின் திருமுழுக்குப் பதிவுகளில் தந்தையின் பெயரும் பதவியும் படைப்பிரிவும் தெளிவாக இருக்க, தாயின் பெயர் பலவிடங்களில் விடுபட்டுள்ளது. சில பதிவுகளில் மதம் மாறியபோது இடப்பட்ட ஒற்றைப் பெயர் மட்டும் காணப்படும். அவர் எந்த ஊரினர், அவர்தம் பெற்றோர் யாவர், அவரைத் தாயார் எப்பெயரிட்டு அழைத்தார் என்பவற்றை ஏடு கூறுவதில்லை. ஆங்கிலேயத் தந்தைவழியை இலங்காஷயரின் சிற்றூர்வரை பின்தொடர முடிந்த குடும்பங்களும், சில கல் தொலைவிலேயே பிறந்திருக்கக்கூடிய தாய்வழியை அறிய முடியாமல் நிற்கின்றன.

இப்போக்கு ஏடுகளோடு நின்றுவிடவில்லை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 366ஆம் உறுப்பு ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை வரையறுக்கும்போது, தந்தை அல்லது தந்தைவழி ஆண் முன்னோருள் ஒருவர் ஐரோப்பிய மரபினராக இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. பெயரெழுதப்பட்ட பாட்டன் வரையறைக்குள் இடம்பெறுகிறார். பெயரெழுதப்படாத பாட்டி அவ்வரையறையிலும் இடம்பெறவில்லை. எனவே முன்னோரைத் தேடுபவர், ஏடு சொல்வதைப் படிப்பதோடு அது சொல்லாது விட்டதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தெரியுமா?

படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1789ஆம் ஆண்டு சென்னையில் ஆதரவற்ற ஆண்குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி அது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கும் சென்று சேர்ந்தது.

இருப்புப்பாதை தந்த ஏடுகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. சென்னையின் மேற்குப் புறங்களை ஊடறுத்து ஆவடி வழியே அப்பாதை சென்றது. அதே ஆண்டில் பெரம்பூரில் தொடர்வண்டிப் பணிமனை உருவாயிற்று. இயந்திரம் ஓட்டுவோரும் கொல்லரும் பொருத்துநரும் இங்கிலாந்திலிருந்து வந்தனர். படைவீரரின் மகன் தொடர்வண்டிப் பணியாளராவதும், அவர் மகன் பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ ஆவடியிலோ குடியமர்வதும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் பொதுவான வரலாறாயிற்று. பணியமர்த்தம், பதவி உயர்வு, தண்டத்தொகை, சேமநிதி ஆகியவை பற்றிய குறிப்புகள் இக்காலத் தேடலுக்குத் துணைசெய்கின்றன.

அதே துறைமுகம், எதிர்த்திசைப் பயணம்

இங்கிலாந்தின் ஏழைகள் வந்திறங்கிய அதே சென்னைக் கடற்கரையிலிருந்து தமிழகத்தின் ஏழைகள் கப்பலேறினர். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் வரிசையெண், பெயர், தந்தை பெயர், அகவை, பாலினம், சாதி, உயரம், மாவட்டம், வட்டம், ஊர், உடற்குறி ஆகியவை எழுதப்பட்டன. பூந்தமல்லிக்கு வந்த ஆங்கிலேயப் படைவீரரின் ஏட்டையும் இப்பட்டியலையும் அருகருகே வைத்து நோக்கினால் இரண்டும் ஒரே கையின் ஆக்கமாகத் தோன்றும். உழைக்கும் உடலை அளந்து, அடையாளமிட்டு, எண்ணிட்டு அனுப்பும் நிருவாக முறை இருவருக்கும் பொதுவாக இருந்தது.

அப்பட்டியல்கள் இன்று தென்னாப்பிரிக்க ஆவணக்காப்பகத்தில் உள்ளன. மொரீசியசுக்குச் சென்ற நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரின் ஆவணங்கள் அந்நாட்டின் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட தொழிலாளரின் ஒளிப்படங்களும் அவற்றுள் அடங்கும். ஊர்ப்பெயரைக் கேட்டவாறு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தரின் பிழையால் தம் பூட்டனின் ஊர் எதுவெனத் தெளிய முடியாமல் வருந்தும் வழித்தோன்றல்கள் இன்றும் உளர்.

ஊரிலேயே உழைத்தவர்கள்

கப்பலேறாத ஏழைகளின் நிலை இன்னும் கடினமானது. செங்கற்பட்டுச் சாகீர்ப் பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் நடத்திய அளவாய்வு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் வீடுகளையும் தொழில்களையும் கணக்கிட்டது. ஊர்க்கணக்கர் எழுதிய ஓலைக் கணக்குகளும் இவ்வாய்வோடு தொடர்புடையவை. ஊரில் எத்தனை நெசவாளர் வீடுகள், எத்தனை தச்சர் வீடுகள் என்பதை இக்கணக்குகள் உணர்த்துகின்றன. ஆனால் நிலத்தின் கணக்கில் நிலமுடையோரே பெயருடன் திகழ்கின்றனர். அந்நிலத்தில் உழுத பண்ணையாள் எண்ணிக்கையில் மட்டுமே வாழ்கிறார்.

1871 முதல் சென்னை மாகாணத்திலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. எனினும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டதைப்போல வீடுதோறும் பெயர் எழுதிய படிவங்கள் இங்குப் பாதுகாக்கப்படவில்லை. 1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும், பத்திரப்பதிவுகளும், 1670 முதலான ஆவணங்களைக் கொண்ட எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகமும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட மிதிவண்டித் தொழிற்சாலை, ஆவடியில் 1961இல் உருவான கனரக ஊர்தித் தொழிற்சாலை போன்றவற்றை நாடிவந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஊதியச்சீட்டும் அடையாள அட்டையும் குடும்ப அட்டையுமே வருங்கால வரலாற்றுச் சான்றுகள்.

தேடலின் நெறிகள்

முன்னோரைத் தேடும் பணி அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் வீட்டில் உள்ள முதியோரிடம் பெயர், ஊர், தொழில், உறவுமுறை ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு தலைமுறையாகச் சான்றுகளைத் தேட வேண்டும். இடையில் ஒரு தலைமுறையைத் தாண்டி, புகழ்பெற்ற ஒருவரோடு தம் மரபை இணைக்க முயல்வது தேடலைத் திசைதிருப்பும்.

ஒரே பெயருடைய பலர் ஒரே படைப்பிரிவில் இருந்திருக்கலாம். பெயரொற்றுமை மட்டும் போதாது. அகவை, பிறந்த ஊர், தொழில் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துவருதல் வேண்டும். எழுத்து வேறுபாடுகளையும் கருத்தில்கொள்ள வேண்டும். பூவிருந்தவல்லி என்றும் பூந்தமல்லி என்றும் வழங்கும் ஊரின் பெயரை ஆங்கிலேய எழுத்தர் தம் செவிக்கேற்பப் பலவாறாக எழுதினர். ஊர்ப்பெயருக்கு நேர்ந்தது ஆட்பெயருக்கும் நேர்ந்தது.

ஏடுகளும் அழியும் இயல்பின. அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் எரிந்தது. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரித்தானிய வீரர்களின் ஆவணங்களுள் பெரும்பகுதி 1940இல் குண்டுவீச்சில் அழிந்தது. 1931இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின் ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின. ஓரிடத்தில் அழிந்தது வேறோரிடத்தில் படியாக எஞ்சியிருக்கலாம் என்பதால் தேடுவோர் விரைவில் மனம் தளர்தல் கூடாது. சான்று கிட்டாதவிடத்தைக் கற்பனையால் நிரப்பவும் கூடாது. ‘அறியப்படவில்லை’ என்று எழுதி அவ்விடத்தை வெறுமையாக விடுவது ஆய்வின் நேர்மையாகும்.

கணக்கிலிருந்து மனிதருக்கு

சம்பளம் கொடுக்க எழுதிய பட்டியல், ஓடிப்போனால் பிடிக்க எழுதிய உடற்குறி, புதைத்ததற்கு எழுதிய ஒரு வரி ஆகிய இவற்றை எழுதியவர்கள் ஒரு மனிதரின் வாழ்வை நினைவில் நிறுத்த எண்ணி எழுதியவர்கள் அல்லர். அவ்வரிகளை ஒன்றோடொன்று பொருத்திப் படிக்கும்போது, தறியை இழந்து கப்பலேறிய ஓர் இளைஞரும், பூந்தமல்லியின் வெயிலில் அவரோடு வாழ்ந்து ஏட்டில் பெயரின்றிப் போன ஒரு பெண்ணும், அதே கடற்கரையிலிருந்து எண்ணிட்டு அனுப்பப்பட்ட ஒரு பண்ணையாளும் மீண்டும் மனிதர்களாக எழுகின்றனர். வீட்டு முதியோரின் பெயரோடு அவர்தம் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் ஊரோடும் தொழிலோடும் இன்றே எழுதிவைத்தால், அடுத்த தலைமுறையின் ஏட்டில் அவ்வெற்றிடம் இராது.